சேற்றைத் தூக்கும் காற்றுக் குமிழிகள்

ஆலைக் கழிவை அடக்கும் அதிசய முறை

கோலி சோடா குடித்திருக்கிறீர்களா?

கடைக்காரர் கட்டை விரலால் கோலியை அழுத்துகிறார். "டப்" என்று சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான்! அதுவரை சும்மா கிடந்த தண்ணீரில் ஆயிரக்கணக்கான குமிழிகள் தோன்றுகின்றன. பொங்கிக்கொண்டு மேலே வருகின்றன.

இந்தக் குமிழிகள் எங்கே இருந்தன? பாட்டிலுக்குள்ளே, தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்து கிடந்தன. அழுத்தம் இருந்தவரை அடங்கி இருந்தன. அழுத்தம் போனதும் வெளியே கிளம்பிவிட்டன.

சோடாக் கடையில் நாம் தினமும் பார்க்கும் இந்த வேடிக்கையை வைத்துக்கொண்டு, பெரிய பெரிய ஆலைகளின் கழிவுச் சேற்றைக் கட்டியாக்குகிறார்கள் என்றால் நம்ப முடிகிறதா? உண்மைதான். அந்தக் கதையை இப்போது பார்ப்போம்.

சேறு எங்கிருந்து வருகிறது?

தோல் பதனிடும் ஆலை, சாய ஆலை, காகித ஆலை, பால் பண்ணை, எண்ணெய் ஆலை ஆகிய எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். உள்ளே போகும்போது நல்ல தண்ணீராகப் போகிறது. வெளியே வரும்போது அழுக்குத் தண்ணீராக வருகிறது.

இந்த அழுக்குத் தண்ணீரை அப்படியே ஆற்றில் விடக் கூடாது. இந்தியாவில் 1974-ஆம் ஆண்டு முதல் இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. தண்ணீரைச் சுத்தம் செய்த பிறகுதான் வெளியே விட வேண்டும்.

எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்? முதலில் கனமான மண், சுண்ணாம்பு, தோல் துணுக்கு ஆகியவற்றைத் தொட்டியில் தேக்கி அடியில் படியவிடுகிறார்கள். பிறகு மீதித் தண்ணீரைக் கிருமிகளிடம் ஒப்படைக்கிறார்கள்!

கிருமி என்றதும் பயப்பட வேண்டாம். இவை அழுக்கைத் தின்னும் நல்ல கிருமிகள். தொட்டியில் காற்றைச் செலுத்தினால் இவை அழுக்கைத் தின்று கொழுத்து, ஒன்று பலவாகப் பெருகும். இங்கிலாந்து நாட்டின் மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் இந்த முறையை 1914-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார்கள். இன்று உலகம் முழுவதும் இதுவே வழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் ஒரு சங்கடம். தண்ணீர் சுத்தமாகிவிட்டது, கிருமிகள் பெருகிவிட்டன. தேவைக்கு மேல் பெருகிய கிருமிகளை நாள்தோறும் வெளியே எடுக்க வேண்டும். அதுதான் கழிவுச் சேறு.

அழுக்கு மறைந்துவிடவில்லை. தண்ணீரில் இருந்தது, சேற்றுக்கு இடம் மாறிவிட்டது. அவ்வளவுதான்!

நூறு குடக் கணக்கு

இந்தச் சேறு பார்ப்பதற்குக் கெட்டியாக இருக்கும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. நீர்மோர் போல ஓடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு குடம் சேறு இருக்கிறது. அதில் உண்மையான கசடு எவ்வளவு? சுமார் ஒரு குடம்தான். மீதி 99 குடமும் வெறும் தண்ணீர்!

லாரியில் ஏற்றினால் கசடுக்காகவா வாடகை கொடுக்கிறோம்? இல்லை, தண்ணீருக்கு வாடகை கொடுக்கிறோம். தொட்டி கட்டினால் தண்ணீரைத் தேக்கத்தான் தொட்டி கட்டுகிறோம். சுவர் தாங்குவதும் தண்ணீரின் பாரத்தைத்தான்.

இப்போது அந்தச் சேற்றைக் கொஞ்சம் கட்டியாக்குவோம். நூற்றுக்கு ஒரு பங்காக இருந்த கசடு, நூற்றுக்கு நான்கு பங்காகட்டும். அப்போது மொத்தம் எத்தனை குடம்? 25 குடம்தான்! 75 குடம் தண்ணீர் பிரிந்து போய்விட்டது. அந்தத் தண்ணீரை மறுபடியும் சுத்திகரிப்புத் தொட்டிக்கே அனுப்பிவிடலாம்.

நூற்றுக்கு நான்கு பங்கு என்றால் சின்னக் காரியமாகத் தோன்றும். ஆனால் நான்கு லாரி ஓட வேண்டிய இடத்தில் ஒரு லாரி போதும். நான்கு தொட்டி வேண்டிய இடத்தில் ஒரு தொட்டி போதும்.

அதற்குப் பிறகு யந்திரத்தில் பிழிந்தால் நூற்றுக்கு 20 பங்கு வரை கசடு நிற்கும்படி செய்யலாம். அப்போது நம் நூறு குடம் ஐந்தே குடமாகிவிடும். மண்வெட்டியால் அள்ளலாம்.

ஏன் படிய மாட்டேன் என்கிறது?

"தொட்டியில் விட்டு வைத்தால் சேறு தானாக அடியில் படியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

மணல் படியும். சுண்ணாம்பு படியும். அவை தண்ணீரைவிட மிகவும் கனம். ஆனால் கிருமிச் சேறு அப்படியல்ல. அதன் உடம்பெல்லாம் தண்ணீர். பஞ்சுத் துணுக்குப் போல இருக்கும். தண்ணீரைவிடச் சற்றே கனம். அதனால் முழுகவும் முழுகாது, மிதக்கவும் மிதக்காது. நடுவிலே அலையும்.

பல மணி நேரம் காத்திருந்தால் ஓரளவு படியும். ஆனால் நம் ஊர் வெயிலில் அதற்குள் அது அழுகத் தொடங்கிவிடும். அழுகினால் அடியில் வாயு உண்டாகும். அந்த வாயு, படிந்த சேற்றை மறுபடியும் கிளப்பிவிடும். நாற்றம் ஊரைத் தூக்கும்.

விஞ்ஞானிகள் யோசித்தார்கள். "கீழே போக மாட்டேன் என்கிறதா? சரி, மேலே தூக்கிவிடுவோம்!" என்று முடிவு செய்தார்கள்.

பூரி சொல்லும் பாடம்

அடுப்பில் எண்ணெய் காய்கிறது. அம்மா பூரியைப் போடுகிறார். பூரி முதலில் எண்ணெயில் முழுகுகிறது. பிறகு உள்ளே ஆவி சேர்ந்து உப்புகிறது. உடனே மேலே வந்து மிதக்கிறது.

மாவு குறைந்துவிட்டதா? இல்லை. உள்ளே சேர்ந்த ஆவியினால் பூரி பருத்துவிட்டது. பருமனுக்கு ஏற்ற கனம் இல்லாததால் மேலே வந்துவிட்டது.

சேற்றுத் துணுக்குக்கும் இதே வைத்தியம்தான். ஒவ்வொரு துணுக்கிலும் சில காற்றுக் குமிழிகளை ஒட்டவைத்துவிட்டால் போதும். துணுக்கும் குமிழியும் சேர்ந்து தண்ணீரைவிட லேசாகிவிடும். மேலே மிதந்து வரும்.

யந்திரம் வேலை செய்யும் விதம்

முதலில் கொஞ்சம் சுத்தமான தண்ணீரை எடுக்கிறார்கள். இதற்காகப் புதுத் தண்ணீர் வேண்டியதில்லை. அதே தொட்டியிலிருந்து தெளிந்து வரும் தண்ணீரே போதும். அதைப் பம்பு மூலம் ஒரு மூடிய இரும்புக் கலத்துக்குள் செலுத்துகிறார்கள். கூடவே காற்றையும் அழுத்திச் செலுத்துகிறார்கள். கலத்துக்குள் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு அழுத்தம் இருக்கும்.

அழுத்தம் கூடினால் தண்ணீரில் கரையும் காற்றும் கூடும். இந்த விதியை வில்லியம் ஹென்றி என்ற ஆங்கில விஞ்ஞானி 1803-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார். சாதாரணமாக ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 20 மில்லிகிராம் காற்றுதான் கரையும். அழுத்தத்தை ஐந்து மடங்காக்கினால் ஏறத்தாழ ஐந்து மடங்கு காற்றைக் கரைக்கலாம்.

இந்தத் தண்ணீரை ஒரு குழாய் வழியாகத் தொட்டிக்கு அனுப்புகிறார்கள். தொட்டியின் வாயிலில் ஒரு வால்வு இருக்கிறது. அதைத் தாண்டியதும் அழுத்தம் போய்விடுகிறது. சோடா பாட்டிலின் கோலி உள்ளே போனது போல!

உடனே என்ன நடக்கிறது? தண்ணீர் பால் போல வெள்ளையாகிவிடுகிறது. பாலை ஊற்றியது போலவே இருக்கும். ஆனால் அது பால் அல்ல. கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுக் குமிழிகள்!

சோடாவில் இருப்பது கரியமில வாயு; இங்கே இருப்பது நாம் மூச்சுவிடும் காற்று. அது ஒன்றுதான் வித்தியாசம்.

தலைமயிரைவிடச் சிறியது

இந்தக் குமிழியின் அளவு என்ன தெரியுமா? பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் பருமன் அளவு, அல்லது அதைவிடச் சிறியது.

ஒரு புளியங்கொட்டை அளவு காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரே குமிழியாக இருந்தால் "குபுக்" என்று மேலே போய்விடும். ஒரு துணுக்கையும் தூக்காது. அதே காற்றை இந்த நுண்குமிழிகளாகப் பிரித்தால் சுமார் ஒன்றரைக் கோடி குமிழிகள் கிடைக்கும்! அத்தனையும் ஆளுக்கு ஒரு துணுக்கைப் பிடித்துக்கொள்ளும்.

இவை அவசரப்படுவதும் இல்லை. ஒரு மணி நேரத்தில் சுமார் ஐந்து மீட்டர் உயரம்தான் ஏறும். இப்படி மெதுவாக ஏறுவதால்தான் துணுக்குகளை உதறிவிடாமல் பத்திரமாக மேலே கொண்டு வருகின்றன. ஒரு யானை தூக்க முடியாததைப் பல ஆயிரம் எறும்புகள் சேர்ந்து தூக்குவது போன்ற காரியம் இது.

ஒரு கிலோ உலர்ந்த கசட்டைத் தூக்கப் பொதுவாக 20 முதல் 40 கிராம் காற்று போதும்.

தேற்றாங்கொட்டையும் பாலிமரும்

நம் கிராமங்களில் கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத மண் துகள்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து திரளும்.

இந்த யந்திரத்திலும் அப்படி ஒரு மருந்து உண்டு. அதன் பெயர் பாலிமர். மிகக் கொஞ்சமாகக் கலந்தால் போதும். சிதறிக் கிடக்கும் சேற்றுத் துணுக்குகள் திரண்டு பெரிய துணுக்காகும். குமிழிகள் பிடித்துக்கொள்ளவும் வசதியாக இருக்கும்.

மேலே வந்த சேறு தயிரின் மேல் படியும் ஆடை போலத் தடித்து நிற்கிறது. மெதுவாக நகரும் பலகைகள் அந்த ஆடையை வழித்து ஒரு வாய்க்காலில் தள்ளுகின்றன. அடியில் தெளிந்த தண்ணீர் வேறு வழியாகப் போய்விடுகிறது. அந்தத் தண்ணீரில் ஒரு பகுதிதான் மறுபடியும் காற்றுக் கலத்துக்குப் போகிறது.

தப்பித்தவறி மணல் போன்ற கனமான பொருள் வந்துவிட்டால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. தொட்டியின் அடியில் இன்னொரு வழிப்பான் இருந்து அதையும் வெளியே தள்ளும்.

சுரங்கத்தில் பிறந்த யோசனை

குமிழியால் பொருளைத் தூக்கும் யோசனை முதலில் கழிவுநீருக்காகத் தோன்றியது அல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கத்தில், தூளாக்கிய பாறையிலிருந்து உலோகத் தாதுவைப் பிரிக்க நுரையைப் பயன்படுத்தினார்கள். வீண் என்று மலை போலக் கொட்டிக் கிடந்த தூளிலிருந்து மதிப்புள்ள தாது கிடைத்தது.

பிறகு ஐரோப்பாவின் காகித ஆலைகள், தண்ணீரோடு போய்விடும் நாரைக் குமிழிகளால் மீட்டு எடுத்தன. அங்கிருந்துதான் இது கழிவுநீர் நிலையங்களுக்கு வந்தது.

ஆப்பிரிக்காவில் நமீபியா என்ற வறண்ட நாடு இருக்கிறது. அதன் தலைநகரமான விண்ட்ஹுக்கில் நகரத்துக் கழிவுநீரையே பல படிகளில் சுத்தம் செய்து குடிநீராக்கும் நிலையத்தை 1968-ஆம் ஆண்டில் தொடங்கினார்கள். அங்கும் அழுக்கை மேலே மிதக்கவிட்டுப் பிரிக்கும் படி ஒன்று இருந்தது. 2002-இல் திறந்த புதிய நிலையத்திலும் காற்றுக் குமிழி முறை இருக்கிறது.

ராணிப்பேட்டையின் கோர இரவு

"சேற்றைக் கட்டியாக்குவது அவ்வளவு பெரிய விஷயமா?" என்று சிலர் நினைக்கலாம். அவர்கள் ராணிப்பேட்டையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2015-ஆம் ஆண்டு ஜனவரி 31. பொழுது விடியவில்லை. ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் தோல் ஆலைக் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் திடீரென்று இடிந்தது. சேறு வெள்ளம் போலப் பாய்ந்தது. அடுத்திருந்த ஆலையில் தொழிலாளர்கள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுந்திருக்கவும் நேரம் இல்லை. 10 பேர் மாண்டார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஊரில் தாய், தந்தை, மனைவி, மக்கள் காத்திருக்க, அவர்களின் உடல்கள்தான் திரும்பிப் போயின.

ஒரு யந்திரம் இருந்திருந்தால் மட்டும் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லிவிட முடியாது. சுவர் உறுதியாக இருக்க வேண்டும். அளவுக்கு மேல் தேக்கக் கூடாது. தொட்டிக்குப் பக்கத்தில் ஆட்களைத் தூங்கவிடக் கூடாது. எல்லாம் வேண்டும். ஆனால் ஒன்று நிச்சயம். சேற்றில் இருக்கும் தண்ணீர்தான் சுவரைத் தள்ளுகிறது. தண்ணீர்தான் வெள்ளமாக ஓடுகிறது. தண்ணீரைப் பிரித்துக் கட்டியாக்கிய சேறு அப்படிப் பாயாது. நூறு குடத்தை ஐந்து குடமாக்குவது வெறும் லாரி வாடகைக் கணக்கு அல்ல, உயிர்க் கணக்கு.

கண்ணுக்குத் தெரியாத எமன்

இன்னோர் ஆபத்தும் உண்டு. சேறு நெடுநேரம் கிடந்து அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயு உண்டாகும். தோல் ஆலையில் மயிர் நீக்கச் சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவில் அமிலம் கலந்தாலும் இதே வாயு கிளம்பும்.

முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு மிகுந்துவிட்டால் மூக்கு மரத்துப்போகும். "நாற்றம் போய்விட்டது" என்று நினைத்து உள்ளே இறங்குபவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்கப் போகும் தோழரும் விழுவார். ஒருவரைக் காப்பாற்றப் போய் மூன்று பேர், நான்கு பேர் இறந்த செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம்.

காற்றில் மிதக்கவிடும் முறையில் சேறு ஓரிரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். கூடவே காற்றும் கலந்திருக்கிறது. ஆகவே அழுகுவது குறையும்; நாற்றமும் குறையும். ஆனாலும் வழித்து எடுத்த சேற்றை மறுபடியும் நாள்கணக்கில் தேக்கினால் ஆபத்து திரும்பி வரும்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த வேலை செய்கிறார்களா? அப்படியானால் இதைப் படித்துக் காட்டுங்கள். வாயுவைக் கருவியால் சோதிக்காமல், மூச்சுக் கவசமும் கயிறும் வெளியில் துணையும் இல்லாமல், எந்தத் தொட்டியிலும் இறங்கக் கூடாது. யார் சொன்னாலும் இறங்கக் கூடாது.

இது செய்யாத வேலை

இந்த முறையின் பெருமையைச் சொன்னோம். குறையையும் சொல்ல வேண்டும்.

பம்பு ஓட மின்சாரம் வேண்டும். படியவிடும் தொட்டியைவிட இதற்குச் செலவு அதிகம். கோடையில் தண்ணீர் சூடாக இருக்கும்போது காற்று குறைவாகத்தான் கரையும். ஆகவே கவனமாக நடத்தத் தெரிந்த ஆள் வேண்டும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் காற்றைக் குறைத்தால், சேறு பாதி மேலேயும் பாதி கீழேயுமாகத் தண்ணீரைக் கலக்கிவிடும்.

முக்கியமாக, தண்ணீரில் கரைந்த உப்பைக் குமிழி தூக்காது. பாலாற்றங்கரையில் பல கிணறுகள் உவர்ந்து போனதற்கு உப்பு ஒரு பெரிய காரணம். அதற்கு வேறு யந்திரங்கள் வேண்டும். குரோமியம் கலந்த சேறாக இருந்தால், கட்டியான பிறகும் அதன் விஷம் போய்விடாது. அளவுதான் குறைந்திருக்கும். அதை வயலில் கொட்டக் கூடாது. அடியில் கசியாதபடி அமைத்த பாதுகாப்பான குழியில்தான் சேர்க்க வேண்டும்.

நீதிமன்றம் சொன்ன நீதி

வேலூர்ப் பகுதிக் குடிமக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தீர்ப்புக் கூறியது. "மாசு செய்தவரே அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும்" என்ற நியாயத்தை அது நிலைநாட்டியது. மாசு செய்த தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புக் கூற வேண்டி வந்தது.

இடையில் எத்தனை ஆண்டுகள்? ஏறத்தாழ 29! அப்போது பிறந்த குழந்தை வளர்ந்து, தானும் ஒரு குழந்தைக்குத் தகப்பனாகியிருக்கும். சட்டம் இருந்தது, யந்திரமும் இருந்தது. ஒழுங்காக நடத்தும் மனமும் வேண்டும் அல்லவா?

வீட்டில் செய்து பாருங்கள்

குழந்தைகளே! இந்த அதிசயத்தை வீட்டிலேயே பார்க்கலாம்.

ஒரு கண்ணாடி டம்ளரில் புதிதாகத் திறந்த சோடாவை ஊற்றுங்கள். அதில் நாலைந்து உலர்ந்த திராட்சைகளைப் போடுங்கள். முதலில் அவை அடியில் போய்விடும். கொஞ்ச நேரத்தில் அவற்றின் சுருக்கங்களில் குமிழிகள் முத்து முத்தாக ஒட்டிக்கொள்ளும். பிறகு திராட்சைகள் ஒவ்வொன்றாக மேலே ஏறும்!

மேலே வந்ததும் குமிழிகள் உடையும். திராட்சை மறுபடியும் முழுகும். அதனால்தான் ஆலையில் மேலே வந்த சேற்றைக் காலதாமதம் இல்லாமல் வழித்து எடுத்துவிடுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத கிருமி அழுக்கைத் தின்கிறது. கண்ணுக்குத் தெரியாத காற்று அந்தச் சேற்றைத் தூக்குகிறது. இவை இரண்டும் தம் வேலையைத் தவறாமல் செய்கின்றன. மீதி வேலை மனிதனுடையது. அவனும் தவறாமல் செய்தால், ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடும்; வேலைக்குப் போனவர்கள் மாலையில் வீடு திரும்புவார்கள்.